கடலோர ஈரப்பதத்தில் 21 கிலோமீட்டர்

சென்னையில் அரை மாரத்தானுக்குத் தயாராகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: இணையத்தில் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகளின் வேகக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை குளிர்ந்த நாடுகளில் ஓடுகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பத்து டிகிரியில் ஓடும் ஒருவருக்குச் சரியாக இருக்கும் வேகம், காலை ஐந்து மணிக்கே பனியனைப் பிழியும் அளவு வியர்க்கும் ஊரில் செல்லாது. இங்கே ஓட்டத்தின் முடிவு கால் பலத்தைவிட உடம்புச் சூட்டின் கையில் இருக்கிறது. அந்தச் சூட்டை எவ்வளவு தாமதமாக ஏற விடுகிறோமோ, கடைசி ஐந்து கிலோமீட்டர் அவ்வளவு நன்றாக அமையும்.

எனக்கு வயது 43. வங்கியில் வேலை, திருவான்மியூரில் வீடு, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். நாற்பதை ஒட்டித்தான் ஓடத் தொடங்கினேன். இந்த ஜனவரிக்கு முன்பு அரை மாரத்தானில் என் சிறந்த நேரம் 2 மணி 26 நிமிடம். இந்த முறை 2:20-க்குள் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன், 2:19:20-இல் முடித்தேன். அந்தச் சில நிமிடங்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். வேகமாக ஓடப் பழகியதில் கொஞ்சம் வந்தது. மெதுவாகத் தொடங்கப் பழகியதில்தான் நிறைய வந்தது.

வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிர்வதில்லை. அந்த வியர்வை ஆவியாக வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். உப்பும் நீரும் போகும், சூடு போகாது. அப்போது உடம்பு சூட்டை வெளியேற்ற ரத்தத்தைத் தோலுக்கு அதிகமாக அனுப்புகிறது. கால் தசைக்கும் அதே ரத்தம்தான் வேண்டும். போதாததற்கு, வியர்வையில் நீர் போகப் போக ரத்தத்தின் அளவும் குறைகிறது. அதனால் ஒரே வேகத்தில் ஓடினாலும் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். என் கடிகாரத்தில் ஒவ்வொரு நீண்ட ஓட்டத்திலும் இதைப் பார்க்கிறேன்: ஐந்தாவது கிலோமீட்டரில் 148 காட்டும் துடிப்பு, வேகம் கொஞ்சமும் மாறாமல் பதினான்காவதில் 163-க்கு வந்து நிற்கும். முதல் ஐந்து கிலோமீட்டரை 160-இல் ஓடினால் பதினான்காவதில் அது எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வானிலைச் செயலியில் ஈரப்பத சதவீதத்தை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. விடியற்காலையில் பெரும்பாலான ஊர்களில் அது 80, 90 என்றுதான் இருக்கும்; ஊட்டியிலும் இருக்கும். பார்க்க வேண்டியது பனிநிலை, அதாவது செயலியில் ட்யூ பாயிண்ட் என்று போட்டிருப்பது. காற்றில் உண்மையிலேயே எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதை அது சொல்லும். 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஓடச் சுகம். 20-ஐத் தாண்டினால் மூச்சில் தெரியும். 24-க்கு மேல் போன நாளில் நான் வேகத்தைப் பற்றி நினைப்பதே இல்லை. சென்னையில் கோடையில் அது 25, 26 வரை போகும். ஜனவரியில் 20-ஐ ஒட்டி இருக்கும். நமக்குக் கிடைக்கிற நல்ல மாதம் ஜனவரிதான், அதுவும் மற்றவர்கள் சொல்லும் நல்ல வானிலை கிடையாது.

சரி, வேகத்தைக் கடிகாரத்தால் அளக்க முடியாது என்றால் எதால் அளப்பது? எங்கள் ஓட்டக் குழுவில் ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் சார். அறுபத்தைந்தைத் தாண்டியவர், இன்றும் எங்களில் பாதிப் பேரைவிட நன்றாக ஓடுவார். அவர் எனக்குச் சொன்னது: "பேசிக்கிட்டே ஓட முடியுதாம்மா? முடிஞ்சா இதுதான் உன் வேகம். முடியலைன்னா குறைச்சுக்கோ. வாட்ச்சை வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்." முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது சுலப ஓட்டம். நாலைந்து வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் அரை மாரத்தான் வேகம். ஒற்றை வார்த்தைதான் வருகிறது என்றால் அந்த வேகத்தில் அரைமணி நேரம்கூடத் தாங்காது. வெயில், ஈரம், தூக்கமில்லாத இரவு, மாதவிடாய் நாள் என்று எது குறுக்கிட்டாலும் இந்த அளவுகோல் தானாகவே சரிசெய்துகொள்ளும். கடிகாரத்துக்கு அது தெரியாது.

வாரத்தில் நான்கு நாள் ஓடினேன். இரண்டு நாள் சுலப ஓட்டம், புதன்கிழமை கடுமையான ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். புதன்கிழமையில் பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைத் தயார் செய்துகொண்டு, எட்டு நிமிடம் மூச்சு வாங்கும் வேகம், மூன்று நிமிடம் மெதுவோட்டம் என்று மாற்றி மாற்றிப் போவேன். நீண்ட ஓட்டத்தைப் படிப்படியாக 18 கிலோமீட்டர் வரை கொண்டுபோனேன். அதற்கு மேல் தேவைப்படவில்லை. 18 ஓடிய உடம்பு, கூட்டமும் சத்தமும் உள்ள நாளில் 21 ஓடிவிடும். ஊர் தட்டையானது என்பதால் மேடு ஏறிப் பழக மேம்பாலத்தைத் தவிர வழியில்லை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டு மாடிப்படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது, உட்கார்ந்து எழுவது என்று இருபது நிமிடப் பயிற்சி. நாற்பதுக்கு மேல் ஓட வரும் பெண்கள் இந்த இருபது நிமிடத்தை விடவே கூடாது என்பது என் திடமான கருத்து. முட்டி வலி என்று ஓட்டத்தை நிறுத்தியவர்களில் பலர் தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி கொடுக்காதவர்கள்.

ஜனவரி ஓட்டத்துக்குத் தயாராவதில் சென்னைக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. தூரத்தைக் கூட்ட வேண்டிய அக்டோபரும் நவம்பரும் வடகிழக்குப் பருவமழையின் மாதங்கள். மழையில் நனைந்து ஓடுவது ஒன்றும் கெடுதல் இல்லை, சொல்லப்போனால் அந்த நாட்களில்தான் உடம்பு சூடாகாமல் வேகம் வரும். ஆனால் தண்ணீர் தேங்கிய சாலையில் ஓடவே கூடாது. எங்கே பள்ளம், எங்கே மூடி திறந்த சாக்கடை, எங்கே அறுந்த மின்கம்பி என்று தெரியாது. அந்த ஞாயிறுகளில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள கார் நிறுத்துமிடத்தில் சுற்றிச் சுற்றி ஓடினேன். சலிப்பாகத்தான் இருக்கும். தூரத்தைக் கணக்கு வைக்காமல் தொண்ணூறு நிமிடம், நூறு நிமிடம் என்று நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டால் தாங்கலாம். ஒருமுறை வலமாக, ஒருமுறை இடமாக என்று திசையை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தால் ஒரு பக்க இடுப்பு வலிக்கும்.

மார்கழி பிறந்ததும் எல்லாம் மாறிவிடும். அதிகாலையில் மருந்தீஸ்வரர் கோவில் பக்கம் போனால் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்கும், வாசல்களில் பெரிய கோலம் போட்டுக்கொண்டு பெண்கள் தெருவில் இருப்பார்கள். விடியுமுன் தனியாக ஓடும் பெண்ணுக்கு அது எவ்வளவு தெம்பு என்று சொல்லித்தான் ஆக வேண்டும். மற்ற மாதங்களில் நான் தனியாக ஐந்தரைக்கு முன் வெளியே இறங்குவதில்லை. இரண்டு பேராவது சேர்ந்துதான் ஓடுவோம், கைபேசியில் இருப்பிடத்தை வீட்டில் ஒருவர் பார்க்கும்படி வைத்திருப்போம். இரண்டு காதிலும் பாட்டு வேண்டாம். தெருநாய் துரத்தினால் ஓடக் கூடாது. நின்று, முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு, கண்ணுக்குள் முறைக்காமல், மெதுவாக நடந்து அதன் எல்லையைத் தாண்டிவிட வேண்டும். கடித்துவிட்டால் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போய்விட வேண்டும். சின்னக் கீறல் என்று விடக் கூடாது.

குடிப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஆளுக்கு ஒரு அறிவுரை சொல்வார்கள். எனக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று நானே அளந்து பார்த்தேன். ஓடப் போகுமுன் எடை, ஓடி வந்து ஈர உடையைக் கழற்றி உடம்பைத் துடைத்துவிட்டு எடை. ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை; வழியில் குடித்ததை அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு டிசம்பரில் மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை போகிறது. அதை முழுக்க ஓடும்போதே ஈடுகட்ட வேண்டிய அவசியம் இல்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும். மெதுவாக ஓடும் நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு: ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். தலைவலி, வாந்தி, விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுவது, குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். ஓட்டம் முடிந்து எடை பார்த்தால் கூடியிருக்கிறது என்றால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

எனவே என் இடுப்புப் பையில் இருக்கும் குட்டிப் புட்டியில் உப்புச் சர்க்கரைக் கரைசல். மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவன அளவு என்று போட்டு விற்கும் ஓஆர்எஸ் பொடி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பொட்டலம். லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு அதில் இருக்கிறது. அட்டைப் பெட்டியில் வரும் ஆரஞ்சு, ஆப்பிள் ருசிப் பானங்கள் பலவற்றில் இனிப்புதான் கூட, உப்பு குறைவு.

சாப்பாட்டுக்கு வந்தால், தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரைதான் தாங்கும். இரண்டு மணிக்கு மேல் ஓடுகிறவர்கள் வழியில் ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும். மணிக்கு 30 கிராம் மாவுச்சத்து குறைந்தபட்சம். கடைகளில் சின்னப் பொட்டலத்தில் கிடைக்கும் இனிப்புக் கூழான ஜெல் ஒன்றில் 20 முதல் 25 கிராம் இருக்கும். நான் ஒரு ஜெல்லும், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழமும் கொண்டுபோனேன். கடலைமிட்டாய் ஓடி முடித்த பிறகு சாப்பிட அருமையான பண்டம், ஆனால் ஓடும்போது வறண்ட தொண்டையில் தூள் ஒட்டிக்கொண்டு இருமல் வரும். எதைச் சாப்பிடப் போகிறோமோ அதை நீண்ட ஓட்டங்களில் வயிறு ஏற்றுக்கொள்கிறதா என்று முன்பே பார்த்துவிட வேண்டும்.

காலணியை மாலையில் வாங்குங்கள், பாதம் அப்போதுதான் கொஞ்சம் விரிந்திருக்கும். கால் பெருவிரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பருத்திக் காலுறை வேண்டாம். நனைந்தால் காயாது, கொப்புளம் வரும். தொடை இடுக்கு, அக்குள், உள்ளாடைப் பட்டையின் கீழ்ப்பக்கம் எல்லாம் வாஸ்லின்.

ஓட்டத்தின் காலை மூன்றே காலுக்கு எழுந்து, இரண்டு இட்லி சர்க்கரை தொட்டு, ஒரு கடுங்காப்பி. எலியட்ஸ் கடற்கரையில் ஐந்து மணிக்குத் தொடக்கம். நாலரைக்கே கூட்டம் நெருக்கியது. கழிப்பறை வரிசை எப்போதும் நீளம், பெண்களுக்கு இன்னும் நீளம், எனவே அங்கே போவதுதான் இறங்கியதும் முதல் வேலை. வெப்பம் 23 டிகிரி. காற்று துளிகூட வீசவில்லை. நின்ற இடத்திலேயே கழுத்தில் பிசுபிசுப்பு.

இடது கையின் உட்புறம் நிரந்தர மை பேனாவால் நான்கு நேரங்களை எழுதியிருந்தேன்: 5, 10, 15, 20 கிலோமீட்டர் பலகைகளை எந்த நேரத்தில் தாண்ட வேண்டும் என்று. 2:20-க்கு சராசரி கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 38 விநாடி. ஆனால் முதல் ஐந்துக்கு 6:45 என்றுதான் வைத்திருந்தேன்.

அந்த முதல் ஐந்து கிலோமீட்டர்தான் மொத்த ஓட்டத்திலேயே எனக்குக் கடினமான பகுதி. கால் துறுதுறுவென்று இருந்தது. மேளம், விசில், கைதட்டல். என்னைவிட வயதானவர்கள், என்னைவிடக் கனமானவர்கள், பேசிக்கொண்டு போகும் கல்லூரிப் பிள்ளைகள் என்று வரிசையாக எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். 2:20 என்று கொடி பிடித்து, அந்த நேரத்தில் முடிக்க வழிகாட்டி ஓடும் பேசரும் அவர் பின்னால் ஓடும் கூட்டமும்கூட முன்னால் போய்விட்டார்கள். பேசர் சீரான வேகத்தில்தான் போகிறார், அவர் வேலை அது. நான் விட்டேன். முந்தின நாள் சார் தொலைபேசியில் சொன்னது இதுதான்: "முதல் அஞ்சுல யார் தாண்டினாலும் விடும்மா. அவங்களை எல்லாம் பதினஞ்சுக்கு மேல பாக்கலாம்." பக்கத்தில் ஓடிய, எங்கள் வங்கியிலேயே வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி, "அக்கா, ரொம்ப மெதுவா போறோமா?" என்று கேட்டாள். முழு வாக்கியமாகக் கேட்டாளே, அப்படியானால் வேகம் சரி என்றேன். 33:45-இல் ஐந்தைத் தாண்டினோம். துடிப்பு 146.

திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகத் தொடங்கியதும் உடம்பு தானாகவே ஓர் ஒழுங்குக்கு வந்தது. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை. பாலவாக்கத்தில் ஒரு டீக்கடைக்காரர் பாய்லர் பக்கத்தில் நின்றபடி ஓடுகிற ஒவ்வொருவருக்கும் கைதட்டிக்கொண்டிருந்தார். மீன் கூடையோடு ஆட்டோவுக்கு நின்ற ஓர் அம்மா, "ஓடு தாயி, ஓடு!" என்றார். ஏற்பாடு செய்த மேளத்தைவிட அந்தக் குரல் எனக்கு நெடுந்தூரம் வந்தது.

வடக்கிலிருந்து மெல்லிய காற்று வர ஆரம்பித்தது. தெற்கே ஓடுகிறவர்களுக்கு அது பின்காற்று. தள்ளிவிடும் என்று மகிழ்ச்சிப்பட ஒன்றும் இல்லை. நம் வேகமும் காற்றின் வேகமும் ஒன்றாகிவிட்டால் உடம்பின் மீது காற்றே படாது, வியர்வை ஆறாது. அதனால் இரண்டு மேசைக்கு ஒரு முறை தண்ணீரைக் குடித்தேன், எல்லா மேசையிலும் உடம்பில் ஊற்றிக்கொண்டேன். ஊற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நிமிர்ந்தபடி தலையில் கவிழ்த்தால் தண்ணீர் வழிந்து நேராகக் காலணிக்குள் போய்விடும், பிறகு ஒவ்வொரு அடியும் சொதசொதவென்று கொப்புளத்துக்குத்தான் வழி. முன்னால் குனிந்து பிடரியில் ஊற்ற வேண்டும், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நனைக்க வேண்டும். குடிக்கும்போது ஓடக் கூடாது. காகிதக் கோப்பையின் வாயைக் கிள்ளி மடித்து, பத்து அடி நடந்தபடி இரண்டு மூன்று மிடறு. அந்தப் பத்து அடியில் இழப்பது நாலைந்து விநாடி. புரையேறினால் இழப்பது அதைவிட அதிகம்.

பத்தை 66:40-இல் தாண்டினேன். கடிகாரமோ பலகைக்குக் கிட்டத்தட்ட நூறு மீட்டர் முன்பே பத்து என்று அதிர்ந்துவிட்டது. இதில் குழம்புகிறவர்கள் நிறையப் பேர். பாதையை அளப்பவர்கள், தூரத்துக்கு ஏற்பச் சரிபார்த்த கருவி பொருத்திய சைக்கிளில், ஓர் ஓட்டக்காரர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளக்கிறார்கள். வளைவுகளில் சாலை விளிம்பை ஒட்டியே போவார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்த்தும் வைப்பார்கள். நாம் கூட்டத்தில் இடமும் வலமும் விலகி, தண்ணீர் மேசைக்குப் போய், வளைவில் வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடுகிறோம். செயற்கைக்கோள் கணக்கிலும் சின்னப் பிழை உண்டு. எனவே 21.1 ஓட்டத்தின் முடிவில் கடிகாரம் 21.3, 21.4 காட்டுவது சகஜம். கடிகாரத்தின் சராசரி வேகத்தை நம்பி 2:20-க்கு ஓடினால் ஒன்றரை நிமிடம் தாமதமாக வருவோம். பலகையைப் பாருங்கள், கழிந்த நேரத்தைப் பாருங்கள், அது போதும். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே பார்த்து அதை நோக்கி நேராக ஓடினால் வீண் மீட்டர்கள் குறையும்.

பத்திலிருந்து பதினைந்து வரை ஓடியதுதான் அன்றைய நாளின் சந்தோஷம். வேகம் 6:25-க்குத் தானாக வந்தது. மூச்சு நாலைந்து வார்த்தைக்கு ஒன்று. ஒன்பதாவதில் ஜெல், பதின்மூன்றில் பேரீச்சை. ஆறரைக்குச் சூரியன் வந்தபோது பதினான்கை ஒட்டி இருந்தேன். ஈஞ்சம்பாக்கம் தாண்டி, கட்டடங்கள் விட்டு விட்டு வரும் இடங்களில் இடது கன்னத்தில் வெயில் பட்டது. அங்கேதான் முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பக் கிடைத்தார்கள். பலர் நடந்துகொண்டிருந்தார்கள். சாலைத் தடுப்பில் காலைத் தூக்கி வைத்துக் கெண்டைக்காலை நீவிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி செய்யாதவர்கள் என்று அவர்களைப் பற்றி யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர்களில் சிலர் என்னைவிட வேகமான ஓட்டக்காரர்கள் என்று எனக்குத் தெரியும். காலையில் ஐந்து மணிக்கு இருந்த குளுமையை நம்பித் தொடங்கினார்கள், அவ்வளவுதான்.

பதினேழாவது கிலோமீட்டரில் எனக்கு முன்னால் ஓடிய ஒருவர் சாலையின் இடமும் வலமுமாகத் தள்ளாடத் தொடங்கினார். முப்பது வயது இருக்கும். கையில் மயிர்க்கூச்செறிந்திருந்தது. "தம்பி, எந்த ஊரு?" என்று கேட்டேன், பதில் கோர்வையாக வரவில்லை. நானும் பின்னால் வந்த ஒருவரும் அவரை இரு பக்கமும் பிடித்து மர நிழலில் படுக்க வைத்தோம். தண்ணீர் மேசையிலிருந்த தன்னார்வலர் பிள்ளைகள் இரண்டு பேர் ஐஸ் வாளியோடு ஓடி வந்தார்கள், இன்னொருவர் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றினார்கள். இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது: வெப்பத்தில் ஒருவருக்குப் புத்தி தடுமாறினால் அது அவசரநிலை. முதலில் அங்கேயே குளிர வைக்க வேண்டும், பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று காத்திருக்கக் கூடாது, ஓடும்போது வரும் வெப்பத் தாக்கில் வியர்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெயிலில் திடீரென்று குளிர்வது போல இருந்தால், மயிர் சிலிர்த்தால், அது உடம்பு நிறுத்தச் சொல்வது, நிறுத்திவிட வேண்டும். அவர் மருத்துவக் கூடாரத்தில் தெளிந்து உட்கார்ந்திருந்ததை முடிந்த பிறகு போய்ப் பார்த்தேன்.

அங்கே ஒன்றரை நிமிடம் போல நின்றிருப்பேன். மறுபடி தொடங்கும்போது கால் மரக்கட்டை. இருபதை 2:12:45-இல் தாண்டினேன். மீதி 1.1 கிலோமீட்டருக்கு ஏழேகால் நிமிடம் இருந்தது. இதுவரை பிடித்து வைத்ததை எல்லாம் அங்கேதான் செலவழித்தேன். மூச்சுக் கணக்கெல்லாம் விட்டாயிற்று. முழங்கையைப் பின்னால் இழுப்பதை மட்டும் நினைத்தேன். கை வேகமாகப் போனால் காலும் கூடப் போகும். ஆறரை நிமிடத்தில் அந்தத் தூரம் முடிந்தது. முடிவுக் கோட்டின் அலங்கார வளைவின் மேலிருந்த பெரிய கடிகாரம் 2:21 காட்டியது. அது துப்பாக்கி வெடித்த நேரத்திலிருந்து ஓடும் கடிகாரம். எண் அட்டையின் பின்னால் இருக்கும் சிப், தொடக்கக் கோட்டு விரிப்பை நான் மிதித்த கணத்திலிருந்துதான் கணக்கு வைக்கிறது. பெரிய கூட்டத்தில் அந்தக் கோட்டுக்கு வரவே இரண்டு நிமிடம் ஆகும். முதல் முறை ஓடுகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், முன்வரிசைக்கு முண்டியடிக்கத் தேவையில்லை.

முடித்ததும் உட்காரவில்லை. பத்து நிமிடம் நடந்தேன். எல்லோரும் இளநீர் தேடுவார்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, நாம் இழந்த சோடியம் குறைவு. உப்புப் போட்ட நீர்மோர் அதைவிடப் பொருத்தம். வீட்டிலிருந்தே ஒரு புட்டி கொண்டுபோயிருந்தேன். அடுத்த இரண்டு நாள் மாடிப்படி இறங்குவது வேதனை. ஏறுவது அவ்வளவு இல்லை, இறங்குவதுதான். அதற்கு மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகளை ஓட்டத்துக்கு முன்போ, நீர் வற்றிய உடம்போடு ஓடி முடித்த கையோடோ போடவே கூடாது. சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

என்னோடு ஓடிய தங்கை எனக்குச் சில நிமிடம் பின்னால் வந்தாள். வரும் கோடையில் என்ன செய்வது என்று இப்போதே கேட்கிறாள். ஏப்ரல், மே, ஜூனில் கிலோமீட்டர் வேகம் என்ற பேச்சே வேண்டாம், நிமிடக் கணக்கில் ஓடு என்று சொல்லியிருக்கிறேன். வெயில் ஏறத் தொடங்கும் வாரங்களில் பாதி நேரம் ஓடினால் போதும். உடம்பு பழக பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வியர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், அதில் உப்பு குறையும், ரத்தத்தின் அளவு கூடும், அதே ஓட்டத்துக்குத் துடிப்பு இறங்கும். ஜூலையில் துடிப்பு 150-க்குக் கீழே வைத்து ஒரு மணி நேரம் ஓட முடிந்தால், ஆகஸ்டில் புதன்கிழமை ஓட்டங்களைத் தொடங்கலாம். அதற்கு முன் இருவரும் ரத்த அழுத்தமும் ஈசிஜியும் பார்த்துக்கொள்வதாக இருக்கிறோம்.